சென்னையில் முதல் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

ஊரில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு, வேலை கிடைத்துச் சென்னையில் தனியாக வீடெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மாத வாடகையை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். கையைக் கடிப்பதோ குடிபோகும் வாரத்தில் மொத்தமாக வெளியே போகும் பணம். 12,000 ரூபாய் வாடகையில் ஒரு சிறிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் 60,000, புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை 12,000, முதல் மாத வாடகை 12,000, மெத்தை, அடுப்பு, பாத்திரம், பக்கெட் எல்லாம் சேர்த்து 20,000, வண்டிக்கூலி 4,000. ஆக 1,08,000. இதில் அட்வான்ஸ் மட்டும்தான் பிறகு திரும்பி வரும், அதுவும் பிடித்தம் போக.

இந்தத் தொகையும், அதற்கு மேல் ஒரு மாதச் செலவும் கையில் சேரும்வரை ஹாஸ்டலிலோ திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ இருப்பது தவறில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. தனியார் பெண்கள் ஹாஸ்டல் என்றால், அது பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடம் வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு: இரண்டு மூன்று மாதம் ஊரைச் சுற்றிய பிறகு தேடினால், எந்த ஏரியா நமக்கு ஒத்துவரும் என்பது தெரிந்திருக்கும்.

வீட்டில் எப்படிச் சொல்வது

வெளியூர் வேலை என்றால் பெரிய பேச்சு இல்லை. அதே ஊரில் இருந்துகொண்டே தனியாகப் போவதாகச் சொன்னால்தான், "இங்க என்ன குறைச்சல்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலாகச் 'சுதந்திரம்' பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். ஆபீசுக்குப் போய்வர எத்தனை மணி நேரம் ஆகிறது, இரவு ஷிப்ட் முடிந்து வர என்ன வழி என்று கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்களைச் சொல்லுங்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற தொகையையும் அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்ற கணக்கையும் அந்தத் தொகையைக் கழித்த பிறகு போடுங்கள்.

வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போகும்போது அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப்போவது நல்லது. அவர்களுக்கு மனம் ஆறும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கல்யாணமாகாதவர்களுக்கு வீடு தரத் தயங்கும் ஓனர்கள் பெற்றோரைப் பார்த்துவிட்டால் பாதி இறங்கி வருவார்கள். "அப்பாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க தம்பி" என்பது இந்த ஊரில் கிட்டத்தட்ட ஒரு நேர்காணல் சுற்று. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற ஓனர் வீட்டை விட்டுவிடுங்கள். இன்று சாதி கேட்கிறவர், நாளை உங்களைப் பார்க்க யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறீர்கள் என்றும் கணக்கெடுப்பார்.

எப்போது தேடுவது

ஆடியிலும் மார்கழியிலும் பலரும் வீடு மாற மாட்டார்கள். காலியான வீடு காலியாகவே கிடக்கும். பால் காய்ச்ச நாள் பார்க்காதவர்களுக்குப் பேரம் பேச இதைவிட நல்ல காலம் இல்லை. ஒரு மாத அட்வான்சைக் குறைக்கவோ பெயின்ட் அடித்துத் தரச் சொல்லவோ அப்போது கேட்கலாம். மார்கழியில் பார்ப்பதில் கூடுதல் நன்மை, வடகிழக்குப் பருவமழை சுவரில் விட்டுப்போன அடையாளம் அப்படியே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடக் குடும்பங்கள் எல்லாம் வீடு தேடும். அப்போது போட்டியும் கூடும், வாடகையும் ஏறும்.

வீட்டில் பார்க்க வேண்டியது

ஒரு முறை பகலில், ஒரு முறை இரவு எட்டு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பகலில் வெளிச்சமும் சூடும் தெரியும். இரவில் தெருவிளக்கு, நாய், கொசு, பக்கத்து வீட்டுச் சத்தம் தெரியும்.

முதலில் தண்ணீர். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? லாரி என்றால் அந்தக் காசு மெயின்டனன்சில் அடக்கமா, தனியா? பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் கோடைக்காலத்து மெயின்டனன்ஸ் தொகை ஏறுவதற்கு லாரித் தண்ணீர் முக்கியக் காரணம். போர் தண்ணீரில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் பிசுக்கு மட்டும் வந்தால் கடினத் தண்ணீர்: கீசர் காயிலில் உப்புப் படியும், குழாய் அடைக்கும், துணி வெளுக்காது. மோட்டாரை யார் போடுவார்கள், எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். ஓனர் ஊருக்குப் போய்விட்டால் சுவிட்ச் பூட்டிய அறைக்குள் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு.

அடுத்தது வெள்ளம். தரைத்தளமாக இருந்தால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்பதைவிடத் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் நீளமாக ஒரு கறைக் கோடு ஓடினாலோ, மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாலோ பதில் கிடைத்துவிட்டது.

மாடி வீட்டில் பிரச்சினை வேறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு மே மாதத்தில் இரவு பன்னிரண்டுக்கும் ஆறாது. தளத்தில் வெள்ளை கூலிங் பெயின்டோ ஓடோ பதித்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். சுவரில் ஒரு மூலை மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகச் சில்லிட்டால் ஓதம். அலமாரியைத் திறந்து அதன் பின்பக்கத்தையும் பாருங்கள்: பூஞ்சை வாடையும் கரையான் மண்ணும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கரண்ட் விஷயம் பலர் கோட்டை விடும் இடம். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே சேரும். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப்-மீட்டர் என்றால் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவராக ஒரு விலை வைப்பார். அந்த விலையை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பழைய 1 டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். இரவு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். மின்வாரியத்தின் கட்டண அடுக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் மாறிவிடுவதால், பிரிட்ஜும் விசிறியும் சேர்ந்தவுடன் பில் நினைத்ததைவிட அதிகமாக ஏறும். தனி இணைப்பாக இருந்தால், இணைப்பு எண்ணை வாங்கி முன்பு இருந்தவர் வைத்த பாக்கி இருக்கிறதா என்று மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா? இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 முதல் 2,000 வாட் வரை இழுக்கும், அதாவது ஏறக்குறைய 8 ஆம்பியர். அதைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் வைத்துச் செருகினால் பிளக் சூடாகி உருகும். கதவைச் சாத்திக்கொண்டு போன் சிக்னலையும் பார்த்துவிடுங்கள்.

டோக்கன், அட்வான்ஸ், ஒப்பந்தம்

வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் டோக்கன் (வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம்) போடாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றல், கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பு பழைய ஏமாற்று. வீட்டைக் காட்டுகிறவர்தான் உரிமையாளரா என்று தெரிந்துகொள்ளச் சொத்துவரி ரசீதையும் மின் இணைப்பில் உள்ள பெயரையும் கேளுங்கள். உண்மையான ஓனர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மாத வாடகையே இல்லை, சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் போதும் என்று சொல்லும் லீசு வீடு முதல்முறை வீடெடுப்பவர்களுக்கு வேண்டாம். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணத்துக்குப் பிடிமானம் இருக்காது. இடையில் ஒருவர் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து உங்களுக்கு லீசுக்கு விடுவதும் நடக்கிறது.

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது அது. அந்த விதிவிலக்கு இருப்பதால்தான் ஐந்து, ஆறு மாதம் என்று இன்னும் கேட்கிறார்கள். ஆனாலும் "சட்டத்துல மூணு மாசம்தானே சார்" என்று பணிவாகத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரு மாதமாவது குறையும். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் பதிய வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். இந்தச் சட்டத்தின்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிவுக்குத் தனி அரசு இணையதளமே இருக்கிறது. பதியாத தாள் தகராறு வரும்போது கைகொடுக்காது.

ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்:

- வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர் தனித்தனியாக எவ்வளவு, எந்தத் தேதிக்குள்
- அட்வான்ஸ் தொகை, அது எப்படிக் கொடுக்கப்பட்டது
- காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் (இரு தரப்புக்கும் ஒரே அளவாக)
- ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும்
- காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள்

கடைசி வரிதான் அதிகச் சண்டை மூட்டுவது. பலர் ஒரு மாத வாடகையைப் பெயின்டிங் என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதத்தில் காலி செய்தாலும் முழுதாகப் பிடிப்பார்களா என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அட்வான்சை வங்கி மூலம் அனுப்புங்கள், குறிப்பில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று போடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ரசீதோடுதான்.

ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரிச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். அவர்களும் ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணை ஆபீசில் கொடுக்க வேண்டும். பான் தர மாட்டேன் என்று பிறகு சொல்லும் ஓனர்கள் உண்டு என்பதால் முன்பே கேட்டு வையுங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து எடுத்தால்

மூன்று பேர் தங்கி ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டால், மற்ற இருவர் கொடுத்த அட்வான்சுக்கு ஆதாரமே இல்லை. மூன்று பெயரும் இருக்கட்டும். இடையில் ஒருவர் கிளம்பினால் யார் பொறுப்பு என்பதையும் வாட்ஸாப் குழுவிலாவது எழுதி வையுங்கள். நடைமுறையில் ஒத்துவரும் வழி இது: கிளம்புகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், மாற்று ஆளைத் தேடித் தர வேண்டும், புதிதாக வருகிறவர் அட்வான்ஸ் பங்கைக் கிளம்புகிறவரிடம் நேராகக் கொடுப்பார், ஓனரிடம் சொல்லிப் பெயரை மாற்ற வேண்டும். ஆள் கிடைக்கும்வரை காலி இடத்து வாடகையை யார் ஏற்பது என்பதுதான் நட்பை முறிக்கும் கேள்வி. அதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

என்ன எடுத்துப் போவது

டிகிரி, மதிப்பெண் பட்டியல் அசல்கள் ஊர் வீட்டிலேயே இருக்கட்டும். நகலும் டிஜிலாக்கரும் போதும், கேட்கும் நாளில் அசலை எடுத்து வரலாம். ஆதாரில் அப்பாவின் செல் எண் இருந்தால் கிளம்பும் முன் ஆதார் மையத்துக்கு நேரில் போய் உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவரை எழுப்ப வேண்டியிருக்கும். ரேஷன் கார்டிலிருந்து அவசரப்பட்டுப் பெயரை நீக்காதீர்கள்.

கட்டில், பீரோ ஊரிலிருந்து வேண்டாம். குட்டி யானை பிடித்துக் கொண்டுவரும் கூலியில் பாதிப் பொருளை இங்கேயே பழையதாக வாங்கிவிடலாம். பைக்கை ரயிலில் பார்சல் போட்டால் ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது.

சமையலுக்கு ஒரு ஆளுக்கு 3 லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், ஒரு பால் பாத்திரம், ஒரு சின்ன மிக்ஸி போதும். இண்டக்‌ஷன் வைத்திருந்தால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேஸ் வேண்டுமென்றால், முகவரிச் சான்று தயாராகும்வரை 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம். ஒரு வேளைக்கு ஒரு ஆளுக்கு அரிசி 100 முதல் 125 கிராம். வாரத்தில் பத்து வேளை வீட்டில் சமைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ ஆகும். 25 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கினால் மூன்றாம் மாதம் வண்டுக்குத்தான் போகும். துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி கால் கிலோ என்று தொடங்கி, எது சீக்கிரம் தீர்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். கேன் தண்ணீர் 20 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் நாலைந்து நாள் வரும்.

சாவி வாங்கிய அன்று

சாமானை இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள்: உடைந்த டைல்ஸ், கீறல் விழுந்த கண்ணாடி, ஒழுகும் குழாய், ஓடாத விசிறி. மீட்டர் ரீடிங்கைத் தனியாகப் போட்டோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அவர் கைக்குப் போய்விட்டால், காலி செய்யும்போது "இது நீங்க உடைச்சது" என்ற பேச்சு எழாது. பூட்டு பழையதாக இருந்தால் உங்கள் செலவிலேயே மாற்றுங்கள். முன்பு இருந்தவரிடம் ஒரு சாவி இருக்கக்கூடும்.

மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி, ஓனர் வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் அவருக்கு உரிமை இல்லை. காலி செய்த பிறகு, பிடித்தம் போக மிச்ச அட்வான்சை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. காலி செய்யும் நோட்டீசை வாயால் சொன்னாலும் வாட்ஸாப்பிலோ மெயிலிலோ தேதி போட்டு ஒரு முறை அனுப்பி வையுங்கள். கடைசி கரண்ட் பில்லைக் கட்டிய ரசீதைக் காட்டி, பிடித்தக் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.