ஜூனியர் ஐஸ் ஹாக்கி சீசன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் ஓர் அணி பிளேஆஃப் எனும் இறுதிக் கட்ட வெளியேற்றுச் சுற்றுக்கு முன்பே 68 ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் மார்ச் வரை ஓயாது. ஆடுபவர்கள் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள். நடுவில் படிப்பும் உண்டு, இரவுப் பேருந்துப் பயணமும் உண்டு. இத்தனை நீண்ட சீசனில் அணி சறுக்குவது பெரும்பாலும் யாரும் கவனிக்காத சின்ன விஷயங்களில்தான்.

அக்டோபர் ஆட்டங்களை ‘கை பழகட்டும்’ என்று விட்டுவிடுவது அதில் ஒன்று. வென்றால் 2 புள்ளி, ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (கோல்கீப்பரை எதிர்த்து ஒருவர் ஒருவராக அடிப்பது) தோற்றால் 1. அக்டோபரில் விட்ட புள்ளியும் மார்ச்சில் தேடி அலையும் புள்ளியும் ஒரே மதிப்புதான். ஆட்டம் சமனில் இருக்க, கடைசி நிமிடத்தில் டிஃபென்ஸ் வீரர்கள் இருவருமே முன்னே ஏறிப் போனால், கைக்கு வந்த அந்த 1 புள்ளியும் போய்விடும்.

ஸ்கேட்

வளரும் பிள்ளைதானே என்று பெரிய ஸ்கேட் வாங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ஸ்கேட் அளவு பொதுவாக ஷூ அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை குறைவு. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும்; முட்டியை மடக்கினால் விலக வேண்டும். பெரிதாக இருந்தால் குதிகால் மேலெழும். அதை அடக்க லேஸை இறுக்குவார்கள், பாதம் மரத்துப்போகும்.

பிளேடின் அடிப்பகுதி தட்டையானது அல்ல. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு, இரு பக்கமும் இரண்டு விளிம்புகள். குழிவின் ஆரம் சிறியதாக இருந்தால் பிளேடு பனியை நன்றாகக் கடிக்கும், ஆனால் வழுக்கல் குறையும். பலருக்கும் அரை அங்குல ஆரம் பொருந்தும். உடல் எடை கூடியவர்கள் 5/8 அங்குலம் கேட்பதுண்டு. எதுவானாலும் சீசன் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பிளேஆஃப் வாரத்தில் மாற்றினால் நிற்பதும் திரும்புவதும் பிசகும்.

சாணை பிடித்து வாங்கியதும் அங்கேயே சோதியுங்கள். நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்தால் நகத்தூள் சுரண்டி வர வேண்டும். இரண்டு விளிம்பிலும், குதியிலிருந்து நுனி வரை. பிறகு பிளேடைத் தலைகீழாகப் பிடித்து, இரு விளிம்பின் மேலும் ஒரு நாணயத்தைக் குறுக்காக வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரம், மற்றது தாழ்வு. அந்தப் பிளேடில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கால் வழுக்கும். பிள்ளை தன் ஆட்டம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வான். சாணையை மறுபடி பிடிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் பிளேடை மட்டுமல்ல, அது பொருந்தியிருக்கும் இடுக்கையும் துடையுங்கள். ஸ்கேட்டுக்குள் பாதத்தின் கீழ் இருக்கும் உள்தகட்டை வெளியே எடுத்துக் காய வையுங்கள். நடப்பதற்கான பிளாஸ்டிக் உறையை மாட்டியபடியே பையில் போட்டால் உள்ளே தேங்கிய நீர் விளிம்பைத் துருவேற்றிவிடும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் காய வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும்.

ஷிஃப்ட்

ஒரு வீரர் பெஞ்சிலிருந்து இறங்கி மறுபடி திரும்பும்வரை ஆடுவது ஒரு ஷிஃப்ட்; அது 40 முதல் 45 விநாடி. அதற்கு மேல் பனியில் நின்றால் களைப்பு பல மடங்காகும். பெஞ்சில் உட்கார்ந்தாலும் அடுத்த முறைக்குள் கால் தேறாது. இரண்டாம் பீரியடில் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி) இது இன்னும் ஆபத்து. அணிகள் பக்கம் மாறுவதால் சொந்த கோலிலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். களைத்த டிஃபென்ஸ் வீரர் எதிரணி அழுத்தத்தில் மாட்டிக்கொண்டால் மாறவே வழியிருக்காது. பதறி பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) தன் பாதியிலிருந்தே நீளமாக அடித்து, அது யாரும் தொடாமல் எதிரணி கோல் கோட்டைத் தாண்டி ‘ஐசிங்’ என்ற தவறானால், விதிப்படி அந்த அணி ஆள் மாற்ற முடியாது. அதே களைத்த ஐவர்தான் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் ஃபேஸ்ஆஃபுக்கும் நிற்க வேண்டும். ஆகவே முதலில் பக்கை எதிரணிப் பகுதியின் ஆழத்துக்கு அனுப்புங்கள், பிறகு மாறுங்கள். வெளியேறுபவர் பெஞ்சை நெருங்குமுன் அடுத்தவர் குதித்து ஆட்டத்தில் தலையிட்டால் கூடுதல் ஆள் என்று 2 நிமிடத் தண்டனை.

அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் இரண்டிலும் ஒரே கோலியை (கோல்கீப்பர்) நிறுத்தாதீர்கள். இரண்டாவது கோலிக்கு நவம்பரிலேயே ஆட்டம் கொடுத்தால்தான் பிப்ரவரியில் அவரை நம்பி இறக்க முடியும்.

தலையில் அடி

இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இடத்தை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் பிள்ளைகள் தலைவலியை மறைப்பார்கள். சந்தேகம் வந்த உடனே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அன்று மறுபடி இறக்காதீர்கள். திரும்புவது படிப்படியாகத்தான்: ஓய்வு, லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கூடினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, அதையும் தாண்டிய பிறகே ஆட்டம். பெற்றோர் “இப்ப எப்படியிருக்கு?” என்று கேட்டால் “நல்லாயிருக்கு” என்றுதான் பதில் வரும். “வெளிச்சம் கண்ணக் கூசுதா? நேத்து ராத்திரி தூங்கினியா? பாடம் படிக்கும்போது தலை கனக்குதா?” என்று தனித்தனியாகக் கேளுங்கள்.