கடையில் ‘சீப்’ என்று சொல்வதற்கு முன்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தரும் ஆங்கிலச் சொல் ‘சீப்’, அதாவது மலிவு. மலாயில் ‘மூரா’ என்று கூவிப் பழகியவர்கள், சுற்றுலா வந்த பெண்மணிமுன் பட்டை விரித்துவிட்டு, “வெரி சீப், மேடம்” என்கிறார்கள். அதுவரை கரையைத் தடவிக்கொண்டிருந்த கை சட்டென்று விலகிவிடுகிறது. ‘மட்டமான துணி’ என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறப்பில் இந்தச் சொல்லுக்கு ஓர் இழுக்கும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது வாணிகம், பேரம் என்ற பெயர்ச்சொல். சில்லறை வணிகரைக் குறித்த லத்தீன் சொல் ஒன்றிலிருந்து வந்தது. லண்டனில் பழைய சந்தை கூடிய தெருவுக்கு இன்றும் சீப்சைட் என்றே பெயர். கோபன்ஹேகன் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் ‘வணிகர்’ என்ற பகுதியும் இதே வேர்தான். நல்ல பேரத்தை ‘குட் சீப்’ என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ‘குட்’ உதிர்ந்து ‘சீப்’ மட்டும் பெயரடையாக நின்றது. தரக்குறைவு என்ற சாயல் பிறகு ஏறியது. நம் ‘மலிவு’ மலிதலிலிருந்து, அதாவது நிறைந்து கிடப்பதிலிருந்து வந்தது. எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது.

ஆகவே, வாங்குபவர் ‘சீப்’ என்று சொல்லட்டும், அது பாராட்டு. விற்கும் நாம் ‘ரீசனபிள்’ அல்லது ‘குட் வேல்யூ’ என்போம். எழுதும்போது பொருளுக்குத்தான் ‘சீப்’, விலைக்கு ‘லோ’. ஆளைப் பார்த்து ஒருபோதும் சொல்லக் கூடாது. மலாயில் ‘மூரா ஹாத்தி’ என்றால் தாராள மனம். ஆங்கிலத்தில் ஒருவரை ‘சீப்’ என்றால் கஞ்சன், அல்லது கீழ்த்தரமானவர்.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். ‘சீதை’யின் சகரத்தைப் போட்டால் ‘கசிதல்’ என்ற வேறு சொல்லாகிவிடும். ‘பச்சை’யில் வரும் அழுத்தமான சகரம்தான் இதற்குச் சரி.

‘சீப்பர்’ மட்டும் விற்பவர் வாயிலும் பொருந்தும். அது இரண்டு விலைகளை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். ‘மோர் சீப்’ என்பது பிழை. “எனிதிங் சீப்பர்?” என்று வாடிக்கையாளர் கேட்டால் முகம் சுளிக்காமல் பருத்திச் சேலையை எடுத்துப் போடுங்கள். “திஸ் ஒன் இஸ் காட்டன், சிக்ஸ்டி ரிங்கிட்” என்று முதலில் துணியின் பெயரையும் பிறகு விலையையும் சொல்லுங்கள்.