கிறிஸ்துமஸுக்குப் பொம்மைக்குப் பதில் பாட்டா? சில தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை வாங்கப்போவதில்லை, குடும்பமாக உட்கார்ந்து பாடப்போகிறோம் என்று முடிவெடுத்திருக்கிறீர்களா? நல்லது. ஆனால் அதை 25ஆம் தேதி காலையில், பரிசைத் தேடி ஓடிவருகிற பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பொம்மையைப் பறித்துக்கொண்ட எதிரியாகத்தான் அந்த நிமிடத்தில் பாட்டு அதன் கண்ணுக்குத் தெரியும். டிசம்பர் பிறக்கும்போதே பேச்சை எடுங்கள், அதுவும் உத்தரவு மாதிரி இல்லாமல், உனக்கு எந்தப் பாட்டு வேண்டும், தாளம் யார் போடுவது என்று கேட்டுக் கேட்டு. ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் பொம்மையை அடியோடு நிறுத்தவே வேண்டாம் என்பேன், ஒன்றே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே. கொள்கையில் உறுதியாக நின்றோம் என்று பெற்றவர்கள் பெருமைப்படலாம், நாலு வயதுக்கு அதில் என்ன லாபம்?

அடுத்த தவறு, பொம்மைக்கு ஆன செலவைவிடப் பெரிய செலவில் ஒரு வாத்தியத்தை வாங்கி நடு வீட்டில் வைப்பது. கூடவே வகுப்பு, பயிற்சி, "இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கேன், வாசிக்க மாட்டேங்கிற" என்ற புலம்பல் எல்லாம் வந்துவிடும். இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. கிடார் மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் சாமானை வாங்கிக் கொடுப்பது. அதில் சுருதி நிற்காது, எவ்வளவு கவனமாக வாசித்தாலும் அபஸ்வரம்தான், பிள்ளையோ தப்பு தன்மேல் என்று நினைத்துக்கொள்ளும். நடுவாந்தரமாக ஒன்று வேண்டுமென்றால் யூகலேலே பாருங்கள். நாலே கம்பி, அதுவும் நைலான், விரல் வலிக்காது, சி கார்டுக்கு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதுதான் கார்டு) ஒரு விரல் போதும். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: புதுக் கம்பி முதல் சில நாள் இழுத்துக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். விழாவுக்கு முந்தின நாள் வாங்கினால் பாடுவதைவிட முறுக்காணியைத் திருகும் நேரம்தான் அதிகமாகிவிடும். முன்கூட்டியே வாங்கி, போனில் ஒரு ட்யூனர் செயலியை வைத்துக்கொண்டு தினமும் சுருதி சேர்த்து வையுங்கள்.

சரி, குடும்பப் பாட்டைக் கெடுப்பதில் முதலிடம் ஸ்கேலுக்குத்தான், அதாவது பாட்டை எவ்வளவு உயரத்தில் ஆரம்பித்துப் பாடுகிறோம் என்பதற்குத்தான், இதைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு எல்லாரும் கூடவே பாட ஆரம்பிக்கிறார்கள், சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போது பிள்ளை கத்துகிறது, அப்பா பாதியில் விட்டுவிடுகிறார், "நம்ம குடும்பத்துக்கெல்லாம் பாட்டு வராது" என்று தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாட்டு, தொழிலாகப் பாடுகிற ஒருவருடைய குரலுக்கு ஏற்றபடி பதிவானது, அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மிடில் சி-யிலிருந்து (கீபோர்டின் நடுவில் இருக்கிற சி) அடுத்த ஸ்தாயியின் டி வரைக்கும் பாடுவது சௌகரியம் (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரைக்கும் ஒரு ஸ்தாயி), ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்ளலாம். ஆகவே பாட்டில் எந்த இடம் எல்லாவற்றையும்விட மேலே போகிறது என்று பார்த்து, அந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். வீட்டிலேயே சின்னவருக்கும் பாட்டிக்கும் அது எட்டினால் அதே சுருதியில் முதல் வரிக்கு வந்து ஆரம்பியுங்கள். கீபோர்டு இருந்தால் ஸ்கேலை ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இந்த வேலையைச் செய்துவிடும். கிடாரில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கேப்போ என்ற கிளிப் ஸ்கேலை ஏற்றத்தான் உதவும், இறக்குவதற்குக் கார்டுகளையே மாற்றி வாசிக்க வேண்டும். ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதியும் உயரும்) பாடிப் பழகிய அப்பாவும் ஐந்து கட்டையில் பாடிப் பழகிய அம்மாவும் இருக்கிற வீட்டில் யாராவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், பிள்ளைகள் குரலுக்காக இரண்டு பேருமே விட்டுக்கொடுங்கள்.

அப்புறம் இந்தத் திருத்துகிற வியாதி. சின்ன வயதில் சுருதி விலகுவது சகஜம், பாடப்பாடத்தான் சேரும். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி "அப்படி இல்ல, இப்படி" என்றால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. இதைவிட மோசம், விருந்தாளி வந்ததும் "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்று நடுவில் நிறுத்திவைப்பது. கூடவே ஒருவர் போனை நீட்டி வீடியோ எடுப்பார். சேர்ந்து பாடுவது அப்போதே நிகழ்ச்சியாகிவிடுகிறது, குடும்பம் பார்வையாளர்களாகிவிடுகிறது.

பெரிதாகச் செய்ய வேண்டும் என்கிற ஆசையும் வேண்டாம். உலகம் முழுக்கப் பாடுகிற 'சைலண்ட் நைட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று அதை முதலில் பாடியபோது, எழுதிய யோசப் மோரும் மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் க்ரூபரும் பாட, துணைக்கு ஒரு கிடாரும் ஒரு பாடகர் குழுவும் இருந்தன, அவ்வளவுதான். மூன்று பாட்டை எல்லாருக்கும் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் போதும். இருபது பாட்டை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தால், எல்லார் தலையும் தாளுக்குள் போய்விடும்.

பாட விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். தாளம் போடலாம், சும்மா கேட்கலாம், ஆளுக்கொரு பாட்டைப் போட்டு, இது ஏன் பிடிக்கும் என்று சொல்லலாம். இதில் பதின்வயதுப் பிள்ளை போடும் பாட்டைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காதுதான், இருந்தாலும் முழுசாகக் கேட்பேன்.

இசைதானே என்று ஆளுக்கொரு ஹெட்போன் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கேட்பதில் பகிர்வதற்கு என்ன இருக்கிறது? ஏற்கனவே வாங்கியிருந்தால் ஒலி அளவுக்கு ஒரு வரம்பு போட்டுக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான்.

கடைசியில் உறவினர்கள். "இந்தத் தடவை பொம்மை வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய பாட்டோடு வாருங்கள்" என்று முன்பே சொல்லிவையுங்கள். அப்படியும் பெரிய பெட்டியோடு யாராவது வந்து நிற்பார், நிச்சயம். அவருக்கு வாசலிலேயே வகுப்பு எடுக்காமல் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு ஜால்ராவைக் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்.