மலை வீட்டில் பகலிலேயே லைட் எரிகிறதா? வெளிச்சத்தைத் தடுக்கும் தவறுகள்

கோத்தகிரியில் நாங்கள் வீடு கட்டியபோது, சமவெளியிலிருந்து வந்த கொத்தனார் வழக்கம்போல எல்லா ஜன்னலுக்கும் 2 அடி சன்ஷேடு போட்டார். மழைக்கு நல்லதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். முதல் டிசம்பரில்தான் தவறு தெரிந்தது. வாசலில் வெயில் காய ஆள் உட்கார்ந்திருக்கும், உள்ளே அறை இருட்டிக் கிடக்கும்.

கணக்கு எளிது. நீலகிரி ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டிய 2 அடி சன்ஷேடு, கீழே கிட்டத்தட்ட 3 அடிக்கு நிழல் தரும். 4 அடி ஜன்னலில் வெயிலுக்கு மிஞ்சுவது ஒரே அடி! தெற்குப் பக்கம் 1 அடி போதும். சாரலுக்கு ஜன்னல் அடிக்கட்டையை வெளிப்புறம் சரித்துக் கட்டச் சொல்லுங்கள்.

தெற்கில் ஜன்னலே வேண்டாம் என்று சுவராக அடைப்பது இன்னும் பெரிய தவறு. உறைபனி விழும் மாதங்களில் அதிக நேரம் வெயில் வருவது அந்தப் பக்கம்தான்.

அப்புறம், குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்வது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 6 டிகிரிக்குச் சற்று மேலேதான் எழும்பும், பகலே 6 மணி நேரத்துக்கும் குறைவு. அவ்வளவு தாழ்ந்த வெயில் அறையின் பின்சுவர் வரை போகும். அங்கே பின்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டினால் பலன் உண்டு. நம் ஊரில், 7 அடி உயரத்தில் முடியும் ஜன்னல் வழியாக நடுப்பகல் வெயில் 5 அடி தூரம்கூட உள்ளே வராது. அது விழுவது தரையில். அந்த இடத்தில் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெளிர் நிறப் பாய் ஒன்றை விரித்துப் பாருங்கள், சீலிங் வெள்ளையாக இருந்தால் அறையே மாறும். பழைய மரச் சீலிங்கை வார்னிஷ் போட்டுக் கருக்க வேண்டாம்.

மேகம் மூடிய நாட்களுக்குக் கணக்கு வேறு. முழுக்க மேகமூட்டமான வானத்தில் உச்சி, அடிவானத்தைவிட ஏறக்குறைய 3 மடங்கு பிரகாசமாக இருக்கும். அதனால் ஜன்னலின் மேல்பாகம்தான் முக்கியம். அதைத் திரைச்சீலையின் மடிப்பாலோ பரணாலோ மறைத்துவிடாதீர்கள். வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காமல் கண்ணாடி போட்டு மூடுங்கள், குளிரும் நிற்கும். சமவெளிக்கு ஏற்ற கறுப்பு பிலிம், நிறக் கண்ணாடி இங்கே வேண்டவே வேண்டாம்.

கூரையில் கண்ணாடி ஓடு வைப்பது அருமையான வழி. ஆனால் ஒற்றைக் கண்ணாடியில் இரவு ஈரம் படிந்து சொட்டும். கீழே இடைவெளி விட்டு இன்னொரு தெளிவான ஷீட் போட்டு, ஓரங்களை நன்றாக அடைக்க வேண்டும். ஜன்னலைப் பெரிதாக்கினாலும் இதே கவனம் தேவை: இரட்டைக் கண்ணாடி, ஒற்றையோடு ஒப்பிட்டால் வெப்ப இழப்பைச் சுமார் பாதியாகக் குறைக்கும். முடியாவிட்டால் இரவில் தடித்த திரை போடுங்கள், காலையில் மறக்காமல் முழுக்க விலக்குங்கள்.

நிழல் தரும் மரத்தை அவசரப்பட்டு வெட்டிவிட வேண்டாம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே சட்டம் இருக்கிறது. முதலில் அனுமதி பற்றி விசாரியுங்கள்.