மேட்டூர் மீனும் ஏற்காடு ஏரியும்: சேலம் வருவோருக்கு ஒரு சாயங்கால வழிகாட்டி

சிங்கப்பூர் ஆற்றங்கரையிலோ டொராண்டோ ஏரிக்கரையிலோ எட்டு மணிக்கு மேசை சொல்லிவைத்து, தண்ணீரில் விளக்கு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவர்கள், ஊருக்கு வந்ததும் அம்மா அப்பாவையும் சித்தப்பா குடும்பத்தையும் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுவார்கள். நியாயமான ஆசைதான். சேலத்தில் அது நடக்கும். ஆனால் இங்கே தண்ணீர் ஓரிடத்தில் இருக்கும், வெள்ளைத் துணி விரித்த மேசை வேறோரிடத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், நம் பக்கத்துக் கரையோரச் சாயங்காலம் இருட்டும்போது முடிந்துவிடும். படகுத்துறையைப் பூட்டிவிடுவார்கள், கொசு வந்துவிடும், தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாது. டிசம்பரில் ஆறு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஜூலையில் இன்னும் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அதனால் ராத்திரிச் சாப்பாடு என்ற நினைப்பை விட்டுவிட்டு, நான்கு மணிக்குத் தண்ணீரோரம் போய் உட்காரும்படி திட்டம் போடுங்கள்.

முதலில் வண்டி. பென்ஸ், ஆடி மாதிரி வண்டிகள் சேலத்திலும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கல்யாண வண்டிகள், மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்து நிற்பவை. முகூர்த்த நாளில் கேட்டால் வண்டி இருக்காது. இருந்தாலும் அவர்கள் சொல்வதுதான் வாடகை. விமான டிக்கெட் போடும் முன்பே வீட்டிலிருக்கும் யாரையாவது தினசரி காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாட்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் அநேகமாக இருக்காது. வண்டி சும்மா நிற்கும், பேரம் படியும். வெளிநாட்டுப் பள்ளி விடுமுறையும் கிட்டத்தட்ட இந்த இரண்டு மாதங்களை ஒட்டித்தான் வருகிறது. ஆடிக்கு இன்னொரு வசதியும் உண்டு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுவாகப் பெய்யும் வருஷங்களில் மேட்டூர் அணை நிறைவது இந்தச் சமயத்தில்தான். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கூட்டத்தில் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது.

எந்த வண்டி? உயரம் குறைந்த சொகுசு செடான்களின் அடிப்பாகம் கிராமத்து வேகத்தடைகளில் உரசும். சில வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடுகூட இருக்காது. பாட்டிக்கு மூட்டுவலி என்றால் ஃபார்ச்சூனர் மாதிரி உயரமான வண்டியில் ஏறுவதும் சிரமம். ஆறேழு பேர் கொண்ட குடும்பத்துக்கு என் ஓட்டு இன்னோவாவுக்குத்தான், அதுவும் நடு வரிசையில் தனித்தனி இருக்கை உள்ளதாகப் பார்த்து. பென்ஸில்தான் போகவேண்டும் என்று தம்பி பிள்ளைகள் ஆசைப்பட்டால் அதை ஏற்காடு ஓட்டல் வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேட்டூருக்கு வேண்டாம்.

வண்டி வந்து நின்றதும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டு, மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். “நம்ம வண்டிதாங்க, ஒண்ணும் ஆகாது” என்பார்கள். ஏறாதீர்கள். நாமே ஓட்டுவதென்றால் நீங்கள் இருக்கும் நாட்டிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவர வேண்டும், அந்த நாட்டு லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். ஆனாலும் டிரைவர் வைத்துக்கொள்வதே மேல். ரோட்டின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது எந்தப் பக்கம் திருப்பும் என்று யாருக்குத் தெரியும்?

வாடகை பேசும்போது மொத்தத் தொகையைக் கேட்டால் போதாது, எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஓடுகிறதா, அவர்கள் ஷெட்டிலிருந்தா? பெரும்பாலும் ஷெட்டிலிருந்து ஷெட்வரைதான். உள்ளூர் பேக்கேஜ் என்பது வழக்கமாக 8 மணி நேரம், 80 கிலோமீட்டர். மேட்டூர் போய்வந்தாலே 100 தாண்டிவிடும், அதனால் வெளியூர் வாடகையாகவே பேசுவது லாபம். டிரைவர் பேட்டா, ராத்திரி பேட்டா, சுங்கம், பார்க்கிங், மலை ஏறுவதற்குத் தனிக் காசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் ஏசி போடமாட்டோம் என்று வழியில் சொல்கிறவர்கள் உண்டு. அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்றால் மேட்டூர் போங்கள். சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். லாரிகள் நிறைய ஓடும் ரோடு. இரண்டரைக்குக் கிளம்பினால் நான்கு மணிக்குள் போய்விடலாம். கமலாபுரத்து விமான நிலையமும் இதே திசைதான். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை. நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல. நீங்கள் பார்க்கவேண்டியது அன்றைய நீர்மட்டம். தினமும் பேப்பரில் வரும், டீக்கடையிலும் சொல்வார்கள். வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், இருப்பைப் பொறுத்து தேதி முன்னே பின்னே ஆகும். அணை நிரம்பி 16 கண் மதகில் உபரிநீர் விடுகிற நாளில் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். பாலத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அந்த மாதிரி நாளில் ஆற்றில் கால் நனைக்க இறங்கவே கூடாது. கிட்டே போய்ச் செல்ஃபி எடுப்பதற்கும் இதேதான்.

மேட்டூரில் சாப்பாடு என்றால் மீன். அணைப் பூங்காவைச் சுற்றியும் முனியப்பன் கோயில் பக்கமும் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும். தாம்பாளத்தில் சிவக்க மசாலா தடவி அடுக்கிவைத்திருக்கும் துண்டுகள் கண்ணை இழுக்கும். அதை விட்டுவிட்டு மசாலா தடவாத முழு மீனைக் கேளுங்கள்.

“அக்கா, இது இன்னைக்குப் பிடிச்சதுங்களா?”

“காலைல பரிசல்ல வந்ததுங்க, செவுளைத் தூக்கிப் பாத்துக்குங்க.”

தூக்கிப் பாருங்கள். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் பளிச்சென்று இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, ஆரால் எல்லாம் கிடைக்கும். பெரிய கட்லாவின் வயிற்றுத் துண்டு நெய் மாதிரி இருக்கும். ரோகுவில் சதைக்குள் சின்ன முள் ஏராளம். வெளிநாட்டில் முள்ளெடுத்த துண்டு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கெளுத்தி வாங்கிக் கொடுங்கள், நடுமுள்ளை எடுத்தால் வேலை முடிந்தது. சிறு மீன் பிரியர்களுக்கு அரஞ்சான், மொறுமொறுவென்று வறுத்து முள்ளோடு மெல்லலாம். எடை போட்டதும் சுத்தம் செய்து, மசாலா தடவி, வறுத்துக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குள் பூங்காவுக்குள் ஒரு சுற்று, இல்லையென்றால் பவள விழா கோபுரத்தில் ஏறி அணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். குழந்தைகளுக்குத் தனியாகக் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள். பச்சை வெங்காயத்தையும் ஐஸ் போட்ட எதையும் வெளிநாட்டு வயிறு தவிர்ப்பது நல்லது. சுடச்சுட எண்ணெயிலிருந்து வரும் மீனில் பயமில்லை.

உட்கார பிளாஸ்டிக் நாற்காலியோ பெஞ்சோ கிடைக்கும், அவ்வளவுதான். டிக்கியில் ஒரு பவானி ஜமுக்காளமும் பெரியவர்களுக்கு இரண்டு மடக்கு நாற்காலியும் போட்டுக்கொண்டு போனால், முனியப்பன் கோயில் பக்கத்து மரநிழலில் கடா வெட்டிச் சமைக்கிற குடும்பங்களோடு நீங்களும் ஒரு குடும்பம். ஞாயிறு, அமாவாசை கூட்டம் அதிகம். செவ்வாயைத் தவிர்த்த வாரநாள் நல்லது. கழிப்பறைதான் குறை. மேற்கத்திய டாய்லெட் வேண்டும் என்கிற பெரியவர்கள் இருந்தால் சேலத்தில் கிளம்பும்போதே நல்ல ஓட்டலில் ஒரு காபி குடித்துவிட்டு, அந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.

தண்ணீர் வெகுவாக இறங்கிப்போன வருஷத்தில் வந்திருக்கிறீர்களா? அப்போது அணையை விடக் கொளத்தூர் பக்கத்துப் பண்ணவாடி பரிசல்துறைதான் பார்க்க வேண்டிய இடம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் நீர் வற்றினால் வெளியே தெரியும். வெடித்த வண்டல் தரையில் நந்தியின் முதுகைத் தொட்டுப் பார்க்கலாம். சேலம் ஜில்லாவிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு மீனைவிட இது பிடிக்கலாம்.

எடப்பாடி பக்கத்துப் பூலாம்பட்டியும் ஒரு நல்ல மாற்று. காவிரி அங்கே கதவணையால் தேங்கி அகலமாக நிற்கும். விசைப்படகில் அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் போய்த் திரும்பலாம், கரையில் மீன் வறுவல் உண்டு. குட்டி கேரளா என்கிறார்கள். கேரளாவைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொள்வார்கள், ஆனாலும் சாயங்கால வெயிலில் நன்றாகவே இருக்கும்.

மீன் வேண்டாம், குளிரும் மேசையும்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்காடு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுப்பார்கள். போனை வாங்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் கொடுங்கள். ஏரி ஊரின் நடுவிலேயே இருக்கிறது, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம், பக்கத்திலேயே அவர்களுடைய ஓட்டல் தமிழ்நாடு. படகுக்கு ஐந்து மணிக்குள் டிக்கெட் வாங்கிவிடுங்கள். பிறகு ஏரிக்கரைக் கடைகளில் மிளகாய் பஜ்ஜியும் டீயும். அந்தக் குளிருக்கு அதை மிஞ்சிய உணவு கிடையாது என்பது என் கட்சி.

சொகுசு ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஏரியை விட்டுத் தள்ளி, காபித் தோட்டங்களுக்குள்ளும் பள்ளத்தாக்கைப் பார்த்தும் இருக்கின்றன. விளம்பரத்தில் ஏரி தெரிந்தால், சாப்பிடும் இடத்திலிருந்து தெரியுமா, அறை ஜன்னலிலிருந்து மட்டுமா என்று போன் போட்டுக் கேளுங்கள். வெளியாட்களுக்குச் சாப்பாடு உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். இருட்டின பிறகு ஏரியைவிட லேடீஸ் சீட் மேல். கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். மே மாதக் கோடை விழாவின்போதும் நீண்ட வார விடுமுறையிலும் ஏற்காட்டை மறந்துவிடுங்கள். ஏறுவதற்கு ஒரு வழி, குப்பனூர் வழியாக இறங்க ஒரு வழி என்று போலீஸ் திருப்பிவிடும், உங்கள் கணக்கெல்லாம் தப்பும்.

இறங்கும்போது கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியில் வண்டியை விடுகிற டிரைவரா என்று கவனியுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடச் சொல்லத் தயங்காதீர்கள். மலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. ராத்திரியில் காட்டெருமை ரோட்டில் நிற்பதுண்டு. ஹாரன் அடித்து விரட்டாமல், விளக்கைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் மேலேயே தங்கிவிடுங்கள், அறை வாடகை போனால் போகட்டும்.

மதுவைப் பற்றி ஒரு வரி: உரிமம் பெற்ற ஓட்டல் பாரில் மட்டும், கரையோரத்தில் வேண்டாம். காந்தி ஜெயந்தி, குடியரசு நாள் மாதிரி நாட்களில் எங்குமே கிடையாது. ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். வெளிநாட்டு கார்டு பெரிய ஓட்டல்களில் ஓடும். மீன் கடையில் ஜிபே அல்லது ரொக்கம், அதனால் 100, 200 ரூபாய் நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டரைக்குச் சேலம் திரும்பினால் பிள்ளைகளுக்கு மறுபடி பசிக்கும். தட்டுவடை செட் கடை எதிலாவது நிறுத்தி ஆளுக்கு ஒரு பிளேட். பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியோடு வைத்துக் கொடுப்பார்கள். டிரைவர் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். மேட்டூரில் அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தால் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார். வீட்டு வாசலில் இறங்கும் முன், கிளம்பும்போது எடுத்த மாதிரியே கிலோமீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, பில்லை வாட்ஸ்அப்பில் பேசியதோடு வைத்துச் சரிபாருங்கள். பேட்டாவை டிராவல்ஸ்காரரிடம் கொடுக்காமல் டிரைவர் கையிலேயே கொடுங்கள்.