‘வா’ என்றால் யாருடனும் போய்விடுபவருக்கு ‘வேண்டாம்’ சொல்லப் பழக்குவது எப்படி?

சமூகத் திறன் பயிற்சி என்றால் கூச்சப்படுபவரைப் பேச வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் நிலைமை நேர்மாறு. 7ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 25 மரபணுக்கள் கொண்ட சிறு துண்டு விடுபட்டுப் போவதால் வருவது இது. 1961இல் நியூசிலாந்தில் இதை விவரித்த மருத்துவரின் பெயரே இதற்கு நிலைத்தது. இதய ரத்தக்குழாய்ச் சுருக்கம், கற்றல் சிரமம் ஆகியவற்றோடு, முன்பின் தெரியாதவரிடமும் பாசமாக ஒட்டிக்கொள்ளும் இயல்பும் பலரிடம் இருக்கும். ஐந்து வயதில் அதை ஊரே கொஞ்சும். முப்பது வயதில் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள் வந்துவிடும்.

வீட்டிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி இது. பயிற்சி பெறப்போகிறவர் வயதுவந்தவர்; எதற்காக என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகே ஆரம்பியுங்கள்.

1. ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்ளுங்கள்

“தெரியாதவரிடம் பேசாதே” என்ற விதி உதவாது. கண்டக்டரும் மருந்துக்கடைக்காரரும் தெரியாதவர்கள்தானே? “பஸ் நிறுத்தத்தில் ஒருவர் தன்னோடு வரச் சொன்னால்” என்று குறிப்பாகத் தொடங்குங்கள்.

2. புகைப்படங்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்

வட்டத்துக்குள் வட்டம் வரைந்து உறவுகளை விளக்கும் முறை பயிற்சி வகுப்புகளில் பரவலானது. ஆனால் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வரைபடம் போன்றவற்றைப் புரிந்துகொள்வது பெரும்பாலும் கடினம். புகைப்படங்களே மேல். கட்டிப்பிடிக்கலாம், நின்று பேசலாம், வணக்கம் மட்டும் போதும் என மூன்று அடுக்குகள்.

3. பதிலைச் சுருக்குங்கள்

“வேண்டாம்” என்று சொல்வது, அங்கிருந்து நகர்வது, வீட்டில் ஒருவரிடம் சொல்வது. இவ்வளவுதான். காரணம் சொல்லப் பழக்காதீர்கள். காரணம் சொன்னால் உரையாடல் நீளும், அழைப்பவருக்கு அதுவே வசதி.

4. நடித்துப் பாருங்கள்

அதிக நேரம் இதற்குத்தான். இவர்களில் பலர் சரளமாகப் பேசுவார்கள். “புரிந்ததா?” என்றால் “நன்றாகப் புரிந்தது” என்று விதியையே அழகாக ஒப்பிப்பார்கள். அதைக் கேட்டு ஏமாறுவது நாம்தான். சொல்லத் தெரிவது வேறு, செய்ய வருவது வேறு.

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு அவர் செய்யட்டும். நீங்கள் வழிப்போக்கராக நடியுங்கள். “தம்பி, மழை வருகிறது, வண்டியில் ஏறிக்கொள்” என்று அன்பாகக் கூப்பிடுங்கள். முறைக்கிற வில்லனாக நடிப்பதில் பயனில்லை. ஏமாற்றுகிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். “உன் அம்மாதான் அனுப்பினார்கள்” என்றும் சொல்லிப் பாருங்கள். சரியாகச் செய்ததும், எது சரி என்று அப்போதே குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “நிற்காமல் நடந்தாய், அது நல்லது.”

5. வெளியே அழைத்துச் செல்லுங்கள்

கூடத்தில் பழகியது தெருவில் தானாக வந்துவிடாது. ஆள் குறைந்த நேரத்தில் அதே பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள்; திடீர் சத்தங்கள் இவர்களில் பலரைக் கலங்கடிக்கும்.

அடுத்து, அவர் பார்த்திராத உங்கள் நண்பர் ஒருவரிடம், அவரைத் தன்னோடு வரும்படி அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். “ஒருநாள் இப்படிச் சோதிப்போம்” என்று முன்பே அவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பதற்றம் இவர்களிடம் அதிகம், அதை நாமே கூட்டக்கூடாது. நண்பரோடு போய்விட்டால் திட்டாதீர்கள். அன்றே நான்காம் படியை மீண்டும் செய்யுங்கள். சரியாகச் செய்தாலும் சில மாதங்கள் கழித்து வேறு ஆள், வேறு இடம் என்று மறுபடி பாருங்கள். அதன் பிறகு செல்பேசியில் வரும் நட்பு அழைப்புகளுக்கும் இதே வரிசையில் பயிற்சி தரலாம்.