மோஷன் கண்ட்ரோல் ரோபோ: நகர்வை முன்பே அனுப்பிவிடுங்கள்

கேமராவைப் பிடித்துக்கொண்டு, ஒரே நகர்வை அப்படியே திரும்பத் திரும்பச் செய்யும் ரோபோ கைதான் மோஷன் கண்ட்ரோல் ரோபோ. அதை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், கேமரா நகர்வை பிளெண்டர், மாயா போன்ற 3D மென்பொருளில் நிஜ அளவில் செய்து, ஷூட்டிங்குக்குச் சில நாள் முன்பே ஆபரேட்டருக்கு அனுப்பிவிடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ், செட்டின் அளவுகள், தரையில் எந்தப் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும் (பூஜ்யப் புள்ளி) என்பதும் கூடவே போகட்டும்.

கணினியில் கேமரா சுவருக்குள்ளும் புகுந்து வரும். நிஜ ரோபோ கைக்கோ எட்டும் தூரம், மூட்டு திரும்பும் கோணம், வேகம் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. ‘இங்கே எட்டாது, ரோபோ ஓடும் தண்டவாளத்தை அரை மீட்டர் தள்ளிப் போடணும்’ என்பது முன்பே தெரிந்துவிட்டால், செட்டில் மொத்த யூனிட்டும் கைகட்டி நிற்க வேண்டாம். பெரிய மிச்சமே இதில்தான். ரோபோவை இயக்கும் ஃபிளேர் போன்ற மென்பொருள் மாயா தரவை எடுத்துக்கொள்ளும். ஃபைல் வடிவத்தையும் ஃபிரேம் ரேட்டையும் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் செய்ததை 25-இல் ஓட்டினால் டைமிங் தப்பும்.

நடிகரின் அசைவைப் பார்த்து அங்கேயே முடிவு செய்யும் ஷாட்டுக்கு இது உதவாது. அதற்கு செட்டிலேயே கேமரா நிற்க வேண்டிய இடங்களைப் புள்ளி புள்ளியாகப் பதிவதுதான் சரி. அப்புறம், ஒரே நகர்வை அச்சுப் பிசகாமல் திரும்ப எடுக்கவோ அதிவேகமாக நகரவோ தேவையில்லை என்றால், கேமராவைத் தள்ளிச் செல்லும் சக்கர வண்டியான சாதாரண டாலியே போதும்.